முந்நூற்றிநாலுக் கட்டில் போக்கர் விளையாடினால்

மல்லாவியிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "போனில போக்கர் பழகிறன். டெக்சாஸ் ஹோல்டெம், ஓமஹா, ஃபைவ் கார்ட் ட்ரோ எண்டு மூண்டு விதம் இருக்கு. விளையாட்டு முறை எல்லாம் வேற வேற, ஆனா எந்தக் கை பெரிசு எண்ட பட்டியல் மட்டும் ஒண்டுதான். அதில ஃபிளஷ் ஏன் ஸ்ட்ரெய்ட்டை வெல்லுது? வரிசையா அஞ்சு சேர்க்கிறதுதானே கஷ்டம்? ஆர் இதை முடிவெடுத்தது?"

முறைகளை முதலில் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைவ் கார்ட் ட்ரோவில் ஐந்து கடதாசி கையில். பிடிக்காததை ஒருமுறை மாற்றலாம். ஹோல்டெமில் இரண்டு கையில், ஐந்து எல்லாருக்கும் பொதுவாக மேசையில். அந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைப் பொறுக்க வேண்டும். ஓமஹாவில் கையில் நான்கு, ஆனால் அதில் சரியாக இரண்டைத்தான் எடுக்கலாம், மேசையிலிருந்து மூன்று. புதிதாகப் பழகுபவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: கையில் மூன்று ராசா இருந்தாலும் ஒன்று வீண். நடுவில் பந்தயம் கட்டுவதும் விலகுவதும் எல்லாவற்றுக்கும் பொது. எப்படிச் சுற்றினாலும் கடைசியில் ஐந்து கடதாசி ஐந்து கடதாசியோடு மோதுகிறது.

இனி, ஆர் முடிவெடுத்தது என்ற கேள்வி. வன்னியில் செத்தவீட்டு இரவுகளில் முந்நூற்றிநாலு என்ற கடதாசி ஆட்டம் பார்த்து வளராதவர் குறைவு. அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரே சின்னம் உள்ள ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. ராசாவை விட ஜாக் ஏன் பத்து மடங்கு பெறுமதி என்று கேட்டால் ஒரே பதில்தான்: அது அப்படித்தான். போக்கர் பட்டியல் அந்த மாதிரி இல்லை. அங்கே ஏன் என்று கேட்டால் "எண்ணிப் பார்" என்று பதில் வரும்.

52 கடதாசியிலிருந்து ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள். இணைந்த கணிதத்தில் சேர்மானம் படித்தவர்களுக்கு இது ஒரு வரிக் கணக்கு. ஸ்ட்ரெய்ட் என்றால் தொடர்ந்து வரும் ஐந்து: ஆசு முதல் ஐந்து வரை என்பதில் தொடங்கி, பத்து முதல் ஆசு வரை என்பதில் முடிய, பத்து விதம். ஒவ்வொரு கடதாசியும் நான்கு இனத்தில் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் 4×4×4×4×4, அதாவது 1,024 வழி. மொத்தம் 10,240. அதில் ஐந்தும் ஒரே இனமாக வருகிற 40 கைகளுக்குத் தனி இடம் உண்டு, அவற்றைக் கழித்தால் 10,200. ஃபிளஷ் என்றால் ஐந்தும் ஒரே இனம்: ஓர் இனத்தின் 13 கடதாசியில் ஐந்தை எடுக்க 1,287 வழி, நான்கு இனத்துக்கு 5,148, அதே 40ஐக் கழித்தால் 5,108. தம்பிக்கான பதில் இவ்வளவுதான். ஃபிளஷ் பாதி அளவே வரும், ஆகவே பெரிது. வரிசை அழகாக இருப்பதால் கஷ்டம் என்று கண் நினைக்கிறது. உண்மையில் அந்த வரிசைக்கு எந்த இனமும் சம்மதம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேள்வி வந்த கிழமை நான் இரணைமடுவுக்குக் கீழே, பெரியப்பாவின் வயல் பரணில் இருந்தேன். காலபோக நெல் முற்றி நின்றது. யானை வெடியும் ரோச்சும் பக்கத்தில், நாலு பேர், விடியும் வரை முழித்திருக்க ஒரு கட்டுக் கடதாசி. அது முந்நூற்றிநாலுக் கட்டு: இரண்டிலிருந்து ஆறு வரை எடுத்து எறிந்தாயிற்று, மிச்சம் 32. தம்பியின் கேள்வியை எடுத்துவிட்டு, புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்துப் போக்கர் தொடங்கினோம். அரை மணித்தியாலத்தில் ஏதோ பிசகுகிறது என்று தெரிந்தது. ஃபுல் ஹவுஸ் மூன்று தரம் வந்துவிட்டது. ஃபிளஷ் ஒன்றுகூட வரவில்லை.

அரை மணித்தியாலம் எதையும் நிரூபிக்காது. ஆகவே எண்ணினோம், உர பாக்கின் பின்பக்கத்தில், ரோச் வெளிச்சத்தில்.

ஃபுல் ஹவுஸ் என்றால் ஒரு எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு. முழுக்கட்டில் 13×4×12×6, அதாவது 3,744. ஃபிளஷ்ஷின் 5,108ஐ விடக் குறைவு, ஆகவே ஃபுல் ஹவுஸ் மேலே. எங்கள் கட்டில் 8×4×7×6, 1,344. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. ஃபிளஷ்? ஓர் இனத்தில் இப்போது எட்டே கடதாசி. எட்டில் ஐந்தை எடுக்க 56 வழி. 1,287 எங்கே, 56 எங்கே! நான்கு இனத்துக்கு 224. ஆசு, ராசாவுக்கு மேலே மட்டும் வரும் என்று வைத்தால் இந்தக் கட்டில் நான்கு வரிசைதான், அதனால் ஒரே இனத்து வரிசைகள் 16. கழித்தால் 208.

நாலும் ஒரே எண்ணாக வரும் கையையும் எண்ணிப் பார்த்தேன். எட்டு எண், ஐந்தாவது கடதாசிக்கு மிச்சம் 28: 8×28, 224. திரும்ப எண்ணினேன். 224தான்.

அதாவது முந்நூற்றிநாலுக் கட்டில் ஃபிளஷ், ஃபுல் ஹவுஸை மட்டுமல்ல, நாலு ஆசு சேர்ந்த கையையும் வெல்ல வேண்டும்!

எனக்கு அன்று நித்திரையே வரவில்லை, யானையால் அல்ல. நடந்தது இதுதான். ஐந்து எண்களை வெட்டி எறிந்தபோது ஒவ்வொரு இனமும் 13இலிருந்து 8ஆக ஒடுங்கியது. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் இருக்கும் நாலு கடதாசியில் ஒன்றும் குறையவில்லை. ஜாக் என்றால் இன்னும் நாலு ஜாக். ஆகவே சோடி சேர்வது, மூன்று சேர்வது, நாலு சேர்வது எல்லாம் சுலபமாகிறது. இனம் சேர்வது மட்டும் நெருக்கடிக்குள் போகிறது. ஒன்றுமே சேராத வெறுங்கை 53,040, ஒரு சோடி 1,07,520. வெறுங்கை பிடிப்பது சோடி பிடிப்பதை விட இரண்டு மடங்கு அரிது!

இது வயல் பரண் விளையாட்டு மட்டுமல்ல. ஷோர்ட் டெக் என்ற ஹோல்டெம் வகையில் ஆறுக்குக் கீழே எல்லாவற்றையும் நீக்கி 36 கடதாசியில் விளையாடுகிறார்கள். அங்கே ஐந்து கடதாசிக்கு எண்ணினால் ஃபிளஷ் 480, ஃபுல் ஹவுஸ் 1,728. ஆகவே ஃபிளஷ்ஷை மேலே தூக்கிவிட்டார்கள். போக்கரே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பத்து முதல் ஆசு வரை 20 கடதாசியில்தான் விளையாடப்பட்டது. அப்போது ஃபிளஷ், ஸ்ட்ரெய்ட் என்ற பேச்சே இல்லை. 52 கடதாசிக்கு மாறிய பிறகுதான் அவை உள்ளே வந்தன.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். பரணில் ஒருவர் கடதாசியை ஊதிவிட்டுத்தான் எடுப்பார். இன்னொருவர் தெற்குப் பக்கம் பார்த்து இருந்தால் கை வராது என்று இடம் மாறினார். "அஞ்சு தரம் வரேல்லை, இனி வந்தே தீரும்" என்பதும் அதே இனத்து நம்பிக்கைதான், கணக்கு உடுப்புப் போட்டிருக்கிறது, அவ்வளவே. கலக்கிய கட்டுக்குப் போன ஆட்டம் ஞாபகம் இராது. நான் படித்த பள்ளியில் இரண்டு வருடம் கணித ஆசிரியரே இல்லை. நிகழ்தகவு அலகை நாங்கள் திறந்தும் பார்க்கவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் நிற்கிறது, மகிழ்ச்சி. அதற்குள் போகும் பிள்ளை காட்டோரப் பள்ளியிலிருந்து வரவேண்டுமென்றால் முதலில் அங்கே ஓர் ஆசிரியர் வேண்டும். கருவி ஒன்றும் கேட்கவில்லை, ஒரு கட்டுக் கடதாசி போதும். அதைப் பள்ளிக்குள் கொண்டுபோனால் அதிபர் என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

சரி, எல்லாவற்றையும் எண்ணி அடுக்கலாமா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு ஜோக்கரைச் சேர்க்கும் வரை.

முழுக்கட்டில் ஜோக்கர் ஒன்று, அது எதுவாகவும் மாறலாம். உங்களிடம் இரண்டு ராணி, ஒரு எட்டு, ஒரு நாலு, ஜோக்கர். ஜோக்கரை ராணியாக்கினால் மூன்று ராணி. எட்டாக்கினால் இரண்டு சோடி. பட்டியலில் எது பெரிதோ அதைத்தான் சொல்வீர்கள். இந்த மாதிரிக் கைகள் 82,368. ஒரே எண்ணில் மூன்று வரும் கை பெரிது என்றால் அவை எல்லாம் மூன்றின் பக்கம் சாயும்: மூன்று 1,37,280, இரண்டு சோடி 1,23,552. மூன்றுதான் அதிகம் வருகிறது, ஆகவே அது கீழே போக வேண்டும். சரி, மாற்றி வைப்போம், இரண்டு சோடி பெரிது. உடனே அதே 82,368 பேரும் கட்சி மாறுவார்கள்: இரண்டு சோடி 2,05,920, மூன்று 54,912. இப்போது இரண்டு சோடிதான் அதிகம்! எப்படி வைத்தாலும் பெரிய கைதான் மலிவாகிறது. எண்ணி எண்ணித் தீர்க்கிற வழி இங்கே இல்லை, ஏனென்றால் பட்டியலைப் பார்த்துத்தான் ஆட்கள் கையையே தீர்மானிக்கிறார்கள்.

விடியப்புறம் நாலு மணி இருக்கும். இதை உர பாக்கில் எழுதி, அம்புக்குறி போட்டு, பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் பாக்கை வாங்கி, ரோச்சை அடித்து மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப கணக்கு சொல்லாது எண்டுறாய்?"

"சொல்லாது பெரியப்பா."

"அப்ப நான் சொல்லுறன். மூண்டுதான் பெரிசு. கடதாசியைப் போடடா."