வேறொருவரின் செட்டப்பை ஏற்றுவதற்கு முன்

வீட்டில் ஸ்டியரிங்கும் பெடலும் வைத்து அசெட்டோ கோர்சா கொம்பெடிசியோனே, கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார்ப் பந்தய விளையாட்டுகளை ஓடுகிற பொடியன்மார் திருகோணமலையில் இப்போது கணிசம். பூட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் எங்கள் வேலை. அதனால் ஒரே முறைப்பாடு வேறு வேறு வாயால் வரும்: “அண்ணை, யூடியூப்பில போட்ட செட்டப்ப அப்பிடியே ஏத்தினனான். அவருக்கு ஓடுது, எனக்குக் கார் சுத்துது.”

சுத்தத்தான் செய்யும். செட்டப் என்பது டயர் அழுத்தம், பிரேக் போன்றவற்றுக்கு விளையாட்டில் வைக்கும் எண்களின் தொகுப்பு. அது ஒரு பாதை வெப்பநிலைக்கும், ஒரு அளவு பெற்றோலுக்கும், அதை எழுதியவரின் காலுக்கும் அளவெடுத்துத் தைத்தது. தகுதிச் சுற்றுக்காக 10 லீட்டரோடு எழுதியதை 60 லீட்டர் நிரப்பிக்கொண்டு ஓடினால், கார் ஏறத்தாழ 37 கிலோ கூடுதல் பாரத்தோடு வளைவுக்குள் வருகிறது. காசுக்கு விற்கும் செட்டப்புகளும் இப்படித்தான். எந்த வெப்பநிலை, எத்தனை லீட்டர் என்று எழுதியிராத செட்டப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

செட்டப் பக்கத்தைத் திறக்குமுன் பிரேக் பெடலைப் பாருங்கள். லொஜிடெக் ஜி29இன் பிரேக்கில் ஸ்பிரிங்கோடு ஒரு இறப்பர்த் துண்டும் உண்டு. பெடல் பாதிவரை இலேசாக இறங்கிப் பிறகு சட்டென்று இறுகும். விளையாட்டின் பெடல் காட்டியில் முழுப் பலத்தோடு மிதித்துப் பார்த்தால், பல வீடுகளில் கோடு 100ஐத் தொடாது, 80 அளவிலேயே நின்றுவிடும். குற்றவாளி பெரும்பாலும் கதிரை. சில்லுப் பூட்டிய ஒபிஸ் கதிரை டைல் தரையில் நிற்கிறது; மிதித்தால் கதிரை பின்னுக்கும் பெடல் முன்னுக்கும் போகிறது. பெடலை ஒரு பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, பலகையின் முன்விளிம்பைச் சுவரோடு முட்டவையுங்கள். கதிரைச் சில்லுகளைக் கழற்றிவிடலாம், இல்லாவிட்டால் நாலு கால் மரக்கதிரை போதும். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், மிதிக்கிற விசையில் பாதியை அதன் முதுகு வளைந்தே விழுங்கிவிடும். இவ்வளவும் செய்த பிறகுதான் பெடலை அளவுதிருத்த வேண்டும்.

பெடலில் கால் படாதபோதும் அந்தக் கோடு துடித்தால், பெடலின் அசைவை அளக்க உள்ளேயிருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசியோ உப்புக் கறையோ படிந்திருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கடற்கரை வீடுகளில் இதற்கு அதிக காலம் எடுக்காது. இணைப்பைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக்கல் கொண்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு அடித்து, பெடலை இருபது முப்பது தடவை அமுக்கி, நன்றாகக் காயவிடுங்கள். சமையலறை எண்ணெயோ கிறீஸோ போட்டால் அடுத்த மாதம் தூசி இரட்டிப்பாகும். இந்தத் துடிப்பு இருக்கும்வரை கார் நேர்பாதையிலும் இடைக்கிடை பிரேக் பிடிக்கும். அதைப் பார்த்து டிஃபரென்ஷியலை (இடம், வலம் சில்லுகளுக்கு எஞ்சின் விசையைப் பிரிக்கும் பகுதியை) மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது ஸ்டியரிங்கின் விசை, அதாவது ஃபோர்ஸ் ஃபீட்பேக். அதன் காட்டி எந்நேரமும் உச்சியில் நின்றால் மோட்டாரால் அதற்குமேல் தர முடியாது. முன்டயர் பிடி இழக்கும்போது வரவேண்டிய இளக்கம் கைக்கு வரவே வராது. பாதையின் ஓரக்கட்டில் ஏறும்போது மட்டும் உச்சியைத் தொடும் அளவுக்கு கெயினை, அதாவது மொத்த விசை அளவை, குறையுங்கள். கனமான ஸ்டியரிங்தான் நிஜமான ஸ்டியரிங் என்பது ஒரு மூடநம்பிக்கை.

எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. கச்சான் என்ற வெப்பக் காற்று வீசுகிற மாதங்களில் கதவு சாத்திய அறைக்குள் நீண்ட நேரம் ஓடினால், மோட்டாரின் விசையைப் பெல்ட்டால் கடத்தும் சில ஸ்டியரிங் சக்கரங்களில் மோட்டார் சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விசையைத் தானே குறைத்துவிடும். ஓடுகிறவருக்கோ “பத்துச் சுற்றுக்குப் பிறகு முன்சில்லு பிடிக்குதில்லை” என்று தோன்றும். திரையில் டயர் வெப்பமும் அழுத்தமும் முன்போலவே இருந்து, கையில் மட்டும் பாரம் குறைந்திருந்தால் காரில் கை வைக்காதீர்கள். ஃபேனைச் சக்கரத்தின் பின்பக்கக் காற்றுத் துளைகளுக்கு நேராகத் திருப்பி, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். ஸ்டியரிங்கின் அடப்டரையும் கணினியோடு சேர்த்து யூபிஎஸ்ஸில் குத்துங்கள். குத்தாவிட்டால், கரண்ட் ஒரு நொடி விழுந்தாலும் கணினி மட்டும் தப்பி நின்று, சக்கரம் நடுவளைவில் தன்னை மீண்டும் அளந்துகொள்ளத் தொடங்கும்.

பார்வைக் கோணத்தை, அதாவது திரை எவ்வளவு அகலமான காட்சியைக் காட்டுகிறது என்பதை, சுருக்கமாகச் சொல்லலாம். 27 அங்குலத் திரையை 70 செ.மீ. தூரத்தில் வைத்தால் சரியான செங்குத்துக் கோணம் ஏறத்தாழ 27 பாகை. விளையாட்டு தருகிற அளவு இதைவிட மிக அகலம். அது வேகத்தை மிகைப்படுத்தி, வளைவைத் தூரத்துக்குத் தள்ளிக் காட்டும். குறைத்ததும் முதல் நாள் குகைக்குள் இருப்பதுபோல் இருக்கும், ஆனால் எந்த இடத்தில் பிரேக் மிதிப்பது என்ற பிரேக் புள்ளி பிடிபடும்.

இனி டயர். கொம்பெடிசியோனேயில் ஜிடி3 என்ற பந்தய வகைக் காரின் உலர் டயருக்கு, விளையாட்டின் 1.9 பதிப்பிலிருந்து, சூடான நிலையில் 26 முதல் 27 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வேண்டும். 27.5 என்று சொல்லும் காணொளிகள் அதற்கு முந்தியவை. செட்டப் பக்கத்தில் நீங்கள் எழுதுவது குளிர்ந்த அழுத்தம், பாதையில் நிற்பது சூடான அழுத்தம். மூன்று நான்கு சுற்றுகள் சுத்தமாக ஓடி, நேர்பாதையில் நான்கு டயரையும் தனித்தனியே வாசியுங்கள். முன் இடது 27.6 காட்டினால், 26.6க்குக் கொண்டுவரக் குளிர் அழுத்தத்தில் ஏறத்தாழ 1.0 குறைக்க வேண்டும். ஒரு கிளிக் 0.1 என்பதால் அது பத்துக் கிளிக். மொன்சாபோல வலஞ்சுழியாக ஓடும் பாதையில் பாரம் இடப்பக்க டயர்களில் விழும், எனவே நான்குக்கும் ஒரே எண் வராது. வெயிலில் பாதை சூடானால் அழுத்தமும் ஏறும். மதியப் பந்தயத்தின் எண்கள் மாலைப் பந்தயத்துக்கு உதவா. பின்டயர் இரண்டின் அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் கிளிக்கைத் தேடாதீர்கள். ஆக்சிலேட்டரை அவசரப்பட்டு மிதித்து டயரைத் தேய்க்கிறீர்கள்.

கார் எங்கே சறுக்குகிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது. பிரேக்கில் கால் இருக்கும்போதே பின்பக்கம் வெளியே வந்தால், முதலில் கியர் இறக்குவதைப் பாருங்கள். அதிக வேகத்தில் அவசரமாக இரண்டாம் கியருக்கு இறக்கினால் எஞ்சின் பின்சில்லைப் பிடித்து இழுக்கும். அது சரியாக இருந்தும் சுற்றினால் பிரேக் பயாஸை (முன், பின் சில்லுகளுக்குப் பிரேக் விசை பிரியும் விகிதத்தை) ஏறத்தாழ அரைச் சதவீதம் முன்னுக்கு நகர்த்துங்கள். கூடுதலாக நகர்த்தினால் சுற்றுவது நிற்கும், ஆனால் கார் திரும்பாமல் நேரே போகும். பிரேக்கை விடும் வேகமும் இங்கே முக்கியம். ஒரே தடவையில் காலை எடுத்தால் முன்டயரில் இருந்த பாரம் பறந்துவிடும், முன்பக்கம் வெளியே தள்ளும். ஸ்டியரிங் திரும்பத் திரும்பப் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும்.

கால் எதிலும் இல்லாத நடுவளைவில் முன்பக்கம் தள்ளினால் முன் அன்டி-ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை) ஒரு கிளிக் இளக்குங்கள். பின்பக்கம் வழுக்கினால் பின் பாரை இளக்குங்கள். போர்ஷே 911இல் மட்டும் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், நடுவளைவில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னுக்குப் போய் பின்பக்கம் வீசியடிக்கும். எந்த பாரும் அதைத் தடுக்காது, காலைத்தான் பழக்க வேண்டும்.

வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலேட்டரில் சுற்றினால், சில்லு வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கொன்ட்ரோலை ஒரு படி கூட்டி ஓடிப் பாருங்கள். கிரான் டூரிஸ்மோ 7இல் டயர் அழுத்தம் மாற்றும் வசதியே இல்லை. அங்கே கேள்வி டிஃபரென்ஷியலுக்கு வரும். உட்பக்கச் சில்லு மட்டும் வீணாகச் சுழன்றால் அதன் முடுக்க உணர்திறனை (ஆக்சிலேட்டரில் இரண்டு சில்லையும் சேர்த்துப் பூட்டும் அளவை) கூட்டுங்கள், இரண்டு பின்சில்லும் சேர்ந்து வழுக்கினால் குறையுங்கள். எந்த விளையாட்டானாலும் ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், பிறகு ஐந்து சுற்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு பிரிக்க முடியாது.

விளையாட்டில் கற்ற எண்ணை வீட்டுக் காரில் வைக்கிற பழக்கமும் வந்துவிட்டது. 26 பிஎஸ்ஐ என்பது பந்தய டயரின் சூடான அழுத்தம். உங்கள் காரின் எண் சாரதிக் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. அது ஆறிய டயருக்குரியது. ஜிடி3 காருக்கு வைக்கும் எதிர்க் கேம்பரை (சில்லின் மேற்பக்கம் உள்நோக்கிச் சாய்வதை) தெருக் காருக்கு வைத்தால் டயரின் உள்விளிம்பு தேய்ந்து நூல் தெரியும். நகர எல்லைக்குள் 50 கி.மீ. வேகத்தில் போனாலும், இரவில் மான் குறுக்கே வந்தால் பிரேக் புள்ளியைத் தெரிவு செய்ய உங்களுக்கு நேரம் கிடைக்காது. ஐப்பசியில் முதல் மழை விழும்போது மாதக்கணக்கில் றோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதந்து வழுக்கும். ரப்பர் படிந்த பந்தயக் கோடும் மழையில் அப்படித்தான். காற்றுப் பிடிப்பதென்றால் காலையில், கார் ஓடுமுன் பிடியுங்கள். கண்டியிலிருந்து ஓடிவந்த கையோடு டயர் கடையில் நிறுத்தி, எண் கூடியிருக்கிறதென்று காற்றை இறக்கிவிட்டால், அடுத்த நாள் காலை டயர் குறைந்த அழுத்தத்தில்தான் நிற்கும்.