தேயும் ஒலியில் ஓர் இரங்கல் பாட்டு

இழப்புக்குப் பின் பியானோவின் முன் உட்கார்ந்து சொந்தமாக ஒரு பாட்டு கட்ட நினைப்பவருக்கு முதலிலேயே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. இந்தக் கருவியால் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க முடியாது. வயலினில் வில் ஓடும்வரை ஒலி நிற்கும். பாடுபவர் மூச்சுள்ளவரை இழுக்கலாம். பியானோவிலோ கம்பளி போர்த்திய சுத்தியல் தந்தியைத் தட்டி விலகியதுமே ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது.

தேய்வதிலும் ஒரு விசித்திரம் உண்டு. நடு, மேல் ஸ்தாயிகளில் ஒரு கட்டைக்கு மூன்று தந்திகள். தட்டியதும் மூன்றும் ஒன்றாக ஆடி, தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையை இழுப்பதால், சக்தி அதன் அடியிலுள்ள ஒலிப்பலகைக்குள் மளமளவென்று கொட்டுகிறது. ஒலி உரக்க எழுந்து வேகமாக இறங்குகிறது. ஆனால் மூன்றின் சுருதியிலும் மயிரிழை வேறுபாடு இருக்கும். சற்று நேரத்தில் ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே வருகிறது. இழுப்புகள் ஒன்றையொன்று தின்றுவிட, குதிரை ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. மிஞ்சிய சக்தி தந்திகளிலேயே தங்கி மெல்லக் கசிகிறது. இந்தப் பின்னொலியை 1977-இல் இயற்பியலாளர் கேப்ரியல் வைன்ரைக் விளக்கினார்.

கிராண்ட் பியானோவின் இடது பெடலை மிதித்தால் சுத்தியல் நகர்ந்து இரண்டு தந்திகளையே தட்டும். தட்டப்படாத மூன்றாவது, குதிரை வழியாக அதிர்வை வாங்கிக்கொண்டு எதிர்த்திசையில் ஆடும். முதல் அடி மெலிந்து பின்னொலியின் பங்கு கூடும். அந்தப் பெடல் சத்தத்தைக் குறைக்க மட்டுமே என்று நினைப்பவர்கள் பாதிப் பயனை இழக்கிறார்கள்.

இந்தத் தேய்வை வைத்தே பாட்டு கட்டியவர் போலந்து இசையமைப்பாளர் ஷோபின். 1839-இல் வெளியான அவருடைய ஈ மைனர் (ஏறத்தாழ நம் நடபைரவி) பிரெலூட் என்ற சிறு பியானோ உருப்படியின் தொடக்கத்தில் வலக்கை பஞ்சமத்தில் நின்று, சுத்த தைவதத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்புகிறது. நீண்ட ஸ்வரம் மங்கிக்கொண்டே போக, இடக்கை ஸ்வரக்கூட்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் பல ஸ்வரங்களை, சீராகத் தட்டிக்கொண்டேயிருக்கிறது. இடையிடையே கூட்டிலுள்ள ஸ்வரங்களில் ஏதோ ஒன்று, பெரும்பாலும் அரை ஸ்வரம், இறங்குகிறது. மேலே அதே ஸ்வரம்தான். அடியில் தரை நகர்வதால் அது வேறாகக் கேட்கிறது. 1849-இல் பாரிஸில் அவருடைய இறுதிச் சடங்கில் இதை ஆர்கனில் வாசித்தார்கள். ஆர்கனில் அழுத்திய ஸ்வரம் தேயாது. என்னைக் கேட்டால், பாட்டின் உயிரே அங்கே போயிருக்கும்.

ஷோபின் மைனரிலேயே முடித்துவிட்டார். ஆறுதல் வேண்டுமென்றால் பழைய ஐரோப்பிய உத்தி ஒன்று இருக்கிறது: கடைசி ஸ்வரக்கூட்டில் சாதாரண காந்தாரத்தை அரை ஸ்வரம் உயர்த்தி அந்தர காந்தாரமாக்குவது. அதிர்வெண் விகிதம் ஏறத்தாழ 6:5-இலிருந்து 5:4 ஆகிறது, அவ்வளவுதான். நடபைரவியில் நனைந்த காதுக்கு ஜன்னல் திறந்ததுபோல் இருக்கும். முன்கூட்டியே திறந்தால் பலிக்காது.

வீட்டில் தந்தி பியானோ இருந்தால் இதைச் செய்து பாருங்கள். கீழ் ஸ்தாயி ஷட்ஜத்தை ஒலி எழாதபடி மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். அதன் தந்தியை அடக்கும் கம்பளி மட்டும் விலகும். அடுத்த மேல் ஷட்ஜத்தை ஓங்கித் தட்டிக் கையை எடுத்துவிடுங்கள். மேல் தந்தி அடங்கிவிடும். அதே மேல் ஷட்ஜம், நீங்கள் தட்டாத கீழ்த் தந்தியிலிருந்து மெலிதாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.