வாயிலிட்ட உள்ளடக்கம்: 'கேட்டட் கன்டென்ட்' சொல் விளக்கம்

கையேடு ஒன்றைப் பதிவிறக்கப் பொத்தானை அழுத்துகிறோம். கோப்பு வருவதில்லை, பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்டு ஒரு படிவம் வருகிறது. அந்தப் படிவத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் கையேடு, கணக்குத்தாள், காணொளி எல்லாவற்றுக்கும் இணைய விற்பனைத் துறையில் பொதுப்பெயர் 'கேட்டட் கன்டென்ட்'. பணம் கேட்டால் அது 'பேவால்', கட்டணச் சுவர். இங்கே விலை முகவரி மட்டுமே.

'கேட்' என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் சுவரிலோ வேலியிலோ விட்ட திறப்பைக் குறித்தது. நம் 'வாயில்' சொல்லும் அப்படித்தான். 'இல்வாய்' முன்பின்னாக மாறி 'வாயில்' ஆனது என்று இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்திருப்போம். வீட்டின் வாய். இரண்டு சொல்லிலும் அடிப்படைப் பொருள் திறப்பு, அடைப்பு அல்ல. ஆகவே தமிழாக்கமாக 'பூட்டிய உள்ளடக்கம்' பொருந்தாது. பூட்டு என்றால் சாவி உள்ளவர் மட்டுமே நுழையலாம். கடவுச்சொல் போட்ட பக்கத்துக்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். 'மறைக்கப்பட்ட உள்ளடக்கம்' இன்னும் மோசம். உள்ளே இருப்பது இன்னதென்று வெளியே தெரியாவிட்டால் யார் முகவரி கொடுப்பார்கள்? வேலியிட்ட நிலம் என்கிறோமே, அதே வாய்பாட்டில் 'வாயிலிட்ட உள்ளடக்கம்' சரியாக வரும். படிவத்தைப் 'பதிவு வாயில்' எனலாம். யாழ்ப்பாணத்தார் வேலிக்கதவைச் சொல்வதுபோல் 'படலை' என்றாலும் தப்பில்லை.

எதிர்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. சங்க கால அரசன் நல்லியக்கோடனின் அரண்மனையைச் சொல்லும்போது சிறுபாணாற்றுப்படை 'அடையா வாயில்', அதாவது மூடாத வாயில், என்கிறது. யாரும் எதுவும் தராமல் படிக்கக்கூடிய பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

வாயிலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. தொல்காப்பியக் கற்பியல் தோழி, பாணன், கூத்தர், விறலியர் முதலியோரை 'வாயில்கள்' என்கிறது: தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே பேசப் போகிறவர்கள். பேச வந்தவரைத் திருப்பி அனுப்புவது 'வாயில் மறுத்தல்'. படிவத்தில் பொய் முகவரி தட்டிவிட்டுப் போகிறவர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

கூடவே வரும் சொல் 'லீட்'. வழிகாட்டு என்ற வினையிலிருந்து 'துப்பு' என்ற பொருளுக்கு நகர்ந்து, விற்பனைத் துறையில் 'வாங்கக்கூடியவர் பற்றிய துப்பு' ஆனது. அந்தத் துப்பைத் திரட்டும் 'லீட் ஜெனரேஷன்' எந்திர மொழிபெயர்ப்பில் 'முன்னணி தலைமுறை' என்று வந்து நின்று சிரிப்பூட்டும். கடைக்காரர்கள் சொல்வது 'என்கொயரி'. ஆனால் கையேடு எடுத்தவர் இன்னும் எதையும் விசாரிக்கவில்லை. அவர் 'நாட்டமுள்ளவர்', அவ்வளவே. முகவரிக்கு ஈடாகத் தரும் இலவசப் பொருளான 'லீட் மேக்னெட்'டைக் கொசுறு என்பதும் சரியில்லை. கொசுறு வாங்கிய பிறகு கிடைப்பது. இது வாங்குமுன் கிடைப்பது. 'ஈர்ப்புப் பொருள்' போதும்.

எதற்கு வாயில் வைப்பது? கூரைச் சூரிய மின்தகடு பொருத்தும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1 கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும், நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும், 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசு மானியம் 78,000 ரூபாய். இவையெல்லாம் அடையா வாயிலில் இருக்க வேண்டியவை. தேடுபொறி வழியாக ஆட்கள் வருவதே இவற்றுக்காகத்தான்; இவற்றை அடைத்தால் வருகிறவரே இருக்க மாட்டார். வாயிலுக்குள் வைக்க வேண்டியது கணக்குத்தாள்: இரண்டு மாத மின்கட்டண ரசீதில் உள்ள யூனிட்டைப் போட்டால் எத்தனை கிலோவாட் தேவை, போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்று காட்டுவது. 720 யூனிட் என்றால் நாளுக்கு 12, அதாவது 3 கிலோவாட். பொது விவரத்துக்கு முகவரி கேட்டால் எரிச்சல் வரும். தன் வீட்டுக் கணக்கு என்றால் தருவார்கள்.

படிவத்தில் மின்னஞ்சல் கட்டாயம், பெயர் விருப்பம். கைபேசி எண் கேட்டதும் பலர் தயங்குவார்கள், தொல்லை அழைப்பு யாருக்குத்தான் பழக்கமில்லை! மூன்றாவதாக ஒன்று கேட்டே ஆகவேண்டுமென்றால் 'இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட்?' என்று கேட்கலாம். யாரை முதலில் அணுகுவது என்பதைத் தொலைபேசி எண்ணைவிட அந்த விடை நன்றாகச் சொல்லும்.

கோப்பை அதே பக்கத்தில் கொடுக்காமல் மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது. பொய் முகவரிக்குப் பொருள் போகாது. ஆனால் அவசரத்தில் ஒரு எழுத்துப் பிசகியவருக்கும் போகாது, அவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். எனவே நன்றிப் பக்கத்தில் 'இந்த முகவரிக்கு அனுப்பியுள்ளோம்' என்று முகவரியைக் காட்டித் திருத்த வழி வைக்க வேண்டும். முதல் மடலில் உறுதி இணைப்பு ஒன்றும் இருக்கட்டும். அதை அழுத்தியவரை மட்டும் மடல் பட்டியலில் சேர்ப்பதே இரட்டை ஒப்புதல். பட்டியல் சிறுத்துத்தான் போகும், போகட்டும். செல்லாத முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் நல்ல முகவரிகளுக்கும் மடல் எரித (ஸ்பேம்) பெட்டிக்குள் விழும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர் மடல் உண்மையில் அவரிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும், எரிதப் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது.

வாயில் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து விடுவதும் அடிக்கடி நடக்கிறது. கோப்பின் நேர் முகவரி எங்காவது பகிரப்பட்டால் கூகுள் அதைப் பட்டியலிட்டு விடும். பிறகு படிவம் யாருக்கு? எதைப் படிக்கக்கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுத்தால் போதும் என்று நினைப்பது தவறு. அது கோப்பைப் படிப்பதைத்தான் தடுக்கும். முகவரி தேடலில் தோன்றலாம். பிடிஎஃப் கோப்போடு சேவையகம் அனுப்பும் எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் தலைப்பில் (ஹெடர்) 'நோஇண்டெக்ஸ்', அதாவது 'பட்டியலிடாதே', என்று அனுப்ப வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால் தலைப்பைக் கூகுளால் பார்க்கவே முடியாது.

கணக்குத்தாளுக்காகக் கொடுத்த முகவரிக்கு வாராவாரம் சலுகை மடல் அனுப்ப அந்த ஒப்புதல் போதாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் இன்ன நோக்கத்துக்கு என்று குறிப்பாகவும் நிபந்தனையின்றியும் இருக்கவேண்டும் என்கிறது. சலுகை மடலுக்குத் தனிப் பெட்டி, அதில் முன்கூட்டியே குறியிடக் கூடாது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் தரச் சொல்கிறது அதே சட்டம். தமிழில் என்றால் படிவத்துக்குக் கீழே இப்படி இருக்கலாம்: 'கணக்குத்தாளை அனுப்ப மட்டுமே இந்த முகவரி. சலுகைச் செய்தியும் வேண்டுமானால் கீழே குறியிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.'