பாவம் பார்த்து வாங்காதீர்கள்

கடந்த வாரம் கோலாலம்பூர் செந்தூலில் உள்ள என் கால்நடை கிளினிக்குக்கு ஒரு பெரியவர் துணி போர்த்திய கூண்டுடன் வந்தார். துணியை விலக்கியதுமே என் மனம் கனத்தது. வைக்கோல் நிற உச்சியும் மீசைபோன்ற கறுப்புக் கோடும் கொண்ட, மலாயில் பாராவ்-பாராவ் எனப்படும் பெரிய புல்புல் பறவை அது. வால் இறகுகள் ஒடிந்து, கம்பியில் மோதி மோதி அலகின் மேற்புறம் புண்ணாகியிருந்தது. "கடையில வாடிக் கெடந்துச்சு டாக்டர், பாவம்னு வாங்கிட்டேன்" என்றார். இதே சொற்களை இதே மேசைக்கு எதிரே எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன்.

ஐயா, நீங்கள் அதைக் காப்பாற்றவில்லை. இரக்கத்தில் கொடுத்த பணமும் ஆசையில் கொடுத்த பணமும் கடைக்காரரின் கல்லாவில் ஒன்றுதான். காலியான கொக்கியில் அடுத்த கூண்டு தொங்க, ஆற்றோரக் காட்டில் இன்னொரு பறவை பிடிபட்டாக வேண்டும். நோயுற்ற பறவையும் விலைபோகும் என்று அறிந்த வியாபாரி, அடுத்ததை நலமாக வைத்திருக்கவும் மெனக்கெடமாட்டார். ஒன்றுதானே என்கிறீர்கள், இணையாக வாழ்ந்து இணையாகவே பாடும் இப்பறவையில் ஒன்றைப் பிடித்தால் ஓர் இணையே கலைகிறது. வலைக்கும் கடைக்கும் இடையில் செத்தவற்றையோ யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

குரலுக்காகப் பிடித்துப் பிடித்தே ஜாவாவிலும் தாய்லாந்திலும் இவ்வினம் அற்றுப்போனதாகக் கருதப்படுகிறது. 2018இல் இது மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது; 2022இல் பனாமாவில் கூடிய சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாடு, வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை விதிக்கும் பட்டியலில் இதைச் சேர்த்தது. பிடிப்பவர்கள் கட்டுப்படுத்தப்பட்டால் இது பிழைக்கும் என்பதற்குப் புலாவ் ஊபின் உள்ளிட்ட சிங்கப்பூரின் பசும்பகுதிகளில் இன்றும் கேட்கும் பாட்டே சான்று.

"காலில் வளையம் இருக்கிறதே, வளர்ப்புப் பறவைதான்" என்பது அடுத்த சமாதானம். பிளவில்லாத முழு வளையத்தைக் குஞ்சாக இருக்கும் சில நாட்களில் மட்டுமே மாட்ட முடியும்; பிளவுள்ள வளையத்தையோ நேற்றுக் காட்டில் பிடித்த பறவைக்கும் மாட்டிவிடலாம். வளையத்தை நன்றாகப் பாருங்கள், உரிமத்தைக் கேளுங்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். கடையில் கண்டால் வாங்காமல் வனவிலங்குத் துறையான பெர்ஹிலிதானுக்குத் தகவல் கொடுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: புண்ணியம் என்று எண்ணிக் கோயில் தோட்டத்திலோ பூங்காவிலோ நீங்களாகவே திறந்துவிடாதீர்கள். கூண்டில் தொற்றிய நோயை அது வெளியில் பரப்பக்கூடும். பறக்கும் தசை தளர்ந்த பறவை பூனைக்கு இரையாகும். பெர்ஹிலிதானிடமே ஒப்படையுங்கள். காட்டில் இதன் பாட்டைக் கேட்கும் பேறு வாய்த்தால், பதிவுசெய்த குரலையும் இடத்தின் பெயரையும் முகநூலில் போடாதீர்கள். எல்லை காக்கும் இப்பறவை தன் இனத்தின் குரலைக் கேட்டால் எதிர்கொள்ள வந்துவிடும். வலை விரிப்பவர்களுக்கு அந்தக் குரலும் அந்த இடமும் போதும்.