தேரியில் கிடக்கும் சில்லைக் கையில் எடுக்கும் முன்

சென்ற ஆண்டு சாத்தான்குளம் பக்கத்து மாணவர் ஒருவர் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். பால்வெள்ளைக் குவார்ட்ஸ் சில்லுகள் பதினொன்று இருந்தன. அவற்றுள் ஒன்று சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும். அதன் ஒரு விளிம்பு நேராகவும் கூராகவும் இருக்க, மறு விளிம்பு பிறைபோல் வளைந்து, வளைவு முழுவதும் பொடிப்பொடியாகக் கொத்தி மழுக்கப்பட்டிருந்தது. மனிதக் கை செய்த நுண்கற்கருவி என்பதில் ஐயமே இல்லை. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். “தேரியில சார், கொல்லாமரத்துப் பக்கம்” என்றார். தேரி என்பது தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல்மேடு. எந்த மேடு, எந்த மண்ணடுக்கு, எதனோடு எது கிடந்தது என்பது அவருக்கு நினைவில்லை. நிலவியல் பயின்ற நான் அதற்கு மேல் அவருக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போனது இன்றும் என்னை வருத்துகிறது.

சாயர்புரம், மெஞ்ஞானபுரம் வட்டாரத்துத் தேரிகளின் கருவிகளை விரிவாக ஆராய்ந்து 1956-இல் வெளியிட்ட ஃபிரெடரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும், இம்மணல்மேடுகளைப் பழைய கடல்மட்டத்தோடு பொருத்தியே அவற்றின் காலத்தைக் கணிக்க முயன்றனர். அவர்கள் கடலைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகின் நீரில் பெரும்பங்கு பனிப்பாளங்களில் உறைந்துகிடந்ததால், கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தூத்துக்குடி முதல் பாம்பன் வரை வரிசையாக அமைந்த 21 தீவுகளின் இடம் அன்று உலர்ந்த நிலம். இலங்கைக்கு நடந்தே போகலாம். அந்நாட்டின் ஃபாகியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முந்தைய நுண்கருவிகளும் கிடைத்திருக்கின்றன. பனி உருகிக் கடல் திரும்பி வந்த பிறகே இங்கே பவளம் வளர்ந்தது. அதன் சிதைவும் மணலும் சேர்ந்து தீவுகள் எழுந்தன. இராமேசுவரத்தில் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் பவளப்பாறைகள், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்னும் சற்று உயர்ந்து நின்றதைக் காட்டுகின்றன.

ஆகவே தேரியும் தீவும் ஒரே வரலாற்றின் இரு ஓரங்கள். தீவுப் பக்கத்து ஓரம் நம் கண்முன்னே கரைந்துகொண்டிருக்கிறது. சுண்ணாம்புக் காளவாய்களுக்காகப் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டினோம். அலையைத் தடுக்கப் பவளப்பாறை இல்லாததால், அந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருக்குள் போய்விட்டன.

தேரிப் பக்கத்திலோ சான்று மணலிலேயே இருக்கிறது. மணல் துகள் கடைசியாக வெயிலைக் கண்ட காலத்தை, அது ஆய்வகத்தில் வெளியிடும் ஒளியை அளக்கும் ஒளிர்வு முறையில் கணிக்கலாம். அதற்காகத்தான் வெளிச்சம் படாதபடி இரும்புக்குழாயை மேட்டின் உள்ளே அடித்து மாதிரி எடுக்கிறோம். ஒரு சில்லு அதே அடுக்கில் பதிந்து கிடந்தால் அதற்கும் வயது கிடைக்கும். தீப்பெட்டிக்குள் போன சில்லுக்கு வயதில்லை. செம்மணலை லாரியில் அள்ளும்போது சில்லும் போகிறது, அடுக்கும் போகிறது.

தேரியில் சில்லைக் கண்டால் தொடாமல், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, இருப்பிடக் குறியோடு படம் எடுத்து, மாநிலத் தொல்லியல் துறைக்கோ பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். அதே மாணவர் சென்ற ஐப்பசியில் எனக்கு அனுப்பிய படத்தில், மழை அரித்த ஓடைக்கரையில், செம்மண்ணுக்குள் பாதி புதைந்தபடி ஒரு பிறைச்சில்லு இருக்கிறது. அடுத்த மாதம் குழாயோடு அங்கே போகிறோம்.