‘விஸ்தீரணம் 4’ என்றால் எவ்வளவு காணி?

யாழ்ப்பாணத்து நிதி நிறுவனமொன்றின் மென்பொருள் சேவைகளை இணைக்கும் பணியில், பல இடங்களில் பார்த்துச் சலித்த அதே பிழையை அண்மையில் மீண்டும் கண்டேன். காணிப் பதிவுச் சேவை, காணி உறுதியில் உள்ளபடி விஸ்தீரணத்தைப் ‘பரப்பு’ என்னும் யாழ்ப்பாண நில அலகில் அனுப்புகிறது. ஈட்டுக்கடன் சேவையோ அதே பெயருள்ள புலத்தை (தரவில் ஒரு விவரத்துக்கான இடத்தை) பேர்ச்சஸ் என்னும் வேறோர் அலகில் உள்ளதாக எடுத்துக்கொண்டு பெறுமதியைக் கணிக்கிறது. ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ் ஆகையால், 4 பரப்புக் காணி பத்திலொரு பங்காகச் சுருங்கி, ஒரு விவசாயியின் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

நிரலாளர்களைக் கேட்டால், ‘தரவின் வடிவத்தைப் பார்க்கும் ஸ்கீமா சோதனையில் எல்லாம் சரியாகத்தானே வந்தது’ என்கிறார்கள். இந்தப் பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எக்ஸ்.எம்.எல். என்னும் தரவு வடிவத்துக்கான ஸ்கீமா, அந்த இடத்தில் தசம எண் இருக்கிறதா, புலம் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும். அந்த எண் எந்த அலகில் உள்ளது என்பதை யாரும் எழுதிவைக்காதபோது அதற்கு எப்படித் தெரியும்? புலத்தின் பெயரும் தரவு வகையும் ஒன்றாக இருப்பது, பொருளும் ஒன்று என்பதற்குச் சான்றாகாது. தேசிய அடையாள அட்டையிலும் இதே கதைதான்: 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணும், 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணும் ஒரே ஆளைக் குறிக்கலாம் என்பதை வெறும் எழுத்துச்சரம் சொல்லாது.

ஆகவே புலங்களின் பொருளைச் சேவைகளுக்கு வெளியே, கருத்துகளையும் அவற்றின் தொடர்புகளையும் கணினிக்குப் புரியும்படி எழுத உதவும் ஆர்.டி.எஃப்., ஓ.டபிள்யூ.எல். மொழிகளைக் கொண்டு எழுதி, ஒவ்வொரு கருத்துக்கும் மாறாத யு.ஆர்.ஐ. (இணைய முகவரி போன்ற தனித்த அடையாளம்) ஒன்றைக் கொடுங்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2007இல் பரிந்துரைத்த எஸ்.ஏ.டபிள்யூ.எஸ்.டி.எல். என்னும் குறிப்பு முறை மூலம், சேவையை விவரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். கோப்பில் ஏற்கெனவே இருக்கும் புலத்தையே அந்த யு.ஆர்.ஐ.யோடு பிணைக்கலாம்; ஓடிக்கொண்டிருக்கும் சேவையைத் திருப்பி எழுத வேண்டியதில்லை. ஆனால் ஓ.டபிள்யூ.எல். பிழையான பதிவைத் தடுக்கும் காவற்காரன் என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொரு விஸ்தீரணத்துக்கும் அலகு உண்டு என்று அதில் எழுதினாலும், அலகில்லாத பதிவை அது தடுக்காது. அலகு எங்கோ இருக்கிறது, இன்னும் சொல்லப்படவில்லை என்றே கொள்ளும். தடுக்கும் வேலைக்கு, ஆர்.டி.எஃப். தரவு விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கும், 2017இல் டபிள்யூ3சி பரிந்துரையான ஷாக்கல் (SHACL) இருக்கிறது.

பரப்புப் புலத்தையும் பேர்ச்சஸ் புலத்தையும் ஓ.டபிள்யூ.எல்.இல் சமமான பண்புகள் (ஒன்றின் மதிப்பே மற்றதன் மதிப்பும்) என்று அறிவிக்கவே வேண்டாம். அப்படிச் செய்தால் 4 பரப்பு 4 பேர்ச்சஸ் ஆகிவிடும். பத்தால் பெருக்கும் விதியைத் தனியே எழுதி, அதற்குப் பொறுப்பான ஒருவரையும் குறித்துவையுங்கள். நிறுவனம் முழுவதற்கும் ஒரே தரவு மாதிரியை வரையப் புறப்படாமல், பணம் தொடும் புலங்களில் தொடங்குங்கள். இந்தப் பொருள்களை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு நிரலாளர்களை மட்டும் அழைக்காமல், காணி உறுதி வாசித்துப் பழகிய கடன் உத்தியோகத்தரையும், முடிந்தால் ஒரு நொத்தாரிசையும் அழைத்து இருத்துங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.