வலிநிவாரணி: நீக்குகிறதா, தணிக்கிறதா?

பேசும்போது 'பெயின் கில்லர்'. எழுதும்போது 'வலிநிவாரணி'. மருத்துவர் வாயில் அதுவே 'அனால்ஜெசிக்'. மூன்றும் ஒரே மாத்திரைக்குப் பெயர்தான், ஆனால் அந்த மாத்திரை என்ன செய்கிறது என்பதை மூன்றும் கொஞ்சம் மிகைப்படுத்தியே சொல்கின்றன.

அனால்ஜெசிக் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். 'அல்கோஸ்' என்றால் நோவு. முன்னால் நிற்கும் 'அன்' இன்மையைக் குறிக்கும். நரம்பு நோவைச் சொல்லும் 'நியூரால்ஜியா'விலும் இதே அல்கோஸ்தான் இருக்கிறது. அனஸ்தீசியாவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது உணர்வையே மரக்கச் செய்வது. இது உணர்வை விட்டுவிட்டு நோவை மட்டும் குறைப்பது.

'நிவாரணம்' வடசொல், தடுத்தல், விலக்குதல் என்று பொருள். 'வலி'யின் கதைதான் சுவையானது. பழந்தமிழில் வலி என்றால் பெரும்பாலும் வலிமை. திருக்குறளின் 48ஆம் அதிகாரமான 'வலியறிதல்' தன் பலத்தையும் எதிரியின் பலத்தையும் எடைபோடச் சொல்கிறதே தவிர, முதுகுவலியைப் பற்றிப் பேசவில்லை. வலிநிவாரணி என்று வள்ளுவரிடம் சொன்னால், இருக்கிற பலத்தையும் போக்கும் மருந்து போலிருக்கிறது என்று பயந்திருப்பார்.

உடல் துன்பத்துக்கு நம் பழைய சொல் 'நோ'. நோய், நோவு, நொந்துபோதல், நோகாமல் நுங்கு தின்பது எல்லாம் அதன் பிள்ளைகள். இலங்கைத் தமிழில் இன்றும் தலை 'நோகுது'. கன்னடத்தில் 'நோவு', தெலுங்கில் 'நொப்பி'.

சரி, அனால்ஜெசிக்குக்குத் தமிழில் எது பொருத்தம்? வலிநீக்கி, வலியகற்றி, வலியடக்கி என்று பல சொற்கள் புழங்குகின்றன. 'வலிக்கொல்லி'யும் கண்ணில் பட்டிருக்கிறது. பூச்சிமருந்து வாடை அடிக்கிறது, வேண்டாம். என் வாக்கு 'வலிதணிப்பி'க்கு. புறநானூற்றின் 192ஆம் பாட்டு 'நோதலும் தணிதலும்' என்று இரண்டையும் இணை சேர்த்தே வைத்திருக்கிறது. 'நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி' என்னும் குறளிலும் வினை தணித்தல்தான். அங்கே நோய் வேறு, நோய்முதல், அதாவது நோயின் காரணம், வேறு.

மருந்தும் நோவின் காரணத்தை நீக்குவதில்லை, நோவைத் தணிக்கத்தான் செய்கிறது. அடிபட்ட இடத்தில் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து வீக்கத்தையும் நோவையும் கூட்டுகிறது. ஆஸ்பிரின் அந்தச் சுரப்பைத் தடுக்கிறது என்று 1971இல் பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் காட்டினார். 1982இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன் எல்லாம் அதே வழிதான். ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இதே புராஸ்டகிளாண்டின். வலியைத் தணிக்கப் போனால் காவலும் தளர்ந்துவிடும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இவற்றைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது என்பது இதனால்தான். ஒரே வகையில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் நோவு இருமடங்கு குறைந்துவிடாது, புண்ணாகும் ஆபத்துதான் கூடும். குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கூடாது.

பாராசிட்டமால் வேறு ரகம். வயிற்றை அவ்வளவாகத் தொல்லை செய்யாது, வீக்கத்தையும் அவ்வளவாகக் குறைக்காது. ஆரோக்கியமான பெரியவருக்கு நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. மீறினால் அடி கல்லீரலுக்கு. சளி மாத்திரை பலவற்றில் இதுவும் கலந்திருக்கும். தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டு போட்டவர், ஒரே மருந்தை இரண்டு தடவை போட்டிருப்பார். அட்டையின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். பின்பக்கப் பொடி எழுத்தில்தான் மருந்தின் பெயர் இருக்கிறது, அதைப் படியுங்கள்.

நமக்குச் சொன்னது போதும், இனி வீட்டு நாய்க்கு வலி வந்தால் என்ன செய்வது என்று பார்ப்போம். அதற்கு நோகிறது என்று சொல்ல வாயில்லை, நாம்தான் கவனிக்க வேண்டும். படியேறத் தயங்கும், ஓரிடத்தையே நக்கும், ஓடாமலே மூச்சிரைக்கும், தொட்டால் விலகும். பாவம் என்று நம் மாத்திரையில் ஒன்றைச் சோற்றில் ஒளித்து வைப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் 60 கிலோ மனிதருக்குக் கிலோவுக்கு 7 மில்லிகிராம்கூட வராது. 5 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 80. அளவு மட்டுமே சிக்கல் என்றும் நினைக்க வேண்டாம். நாப்ராக்சன் நம் உடலைவிட நாயின் உடலில் பல மடங்கு நேரம் தங்கும். அதிகப்படியான பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுப்பதோடு, இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனையும் குலைக்கும், ஈறு பழுப்பாகும். பூனைக்கு ஒரே மாத்திரைகூட எமன்.

நாய்க்கென்றே கார்ப்ரோஃபன், ஃபிரோகாக்சிப் போன்றவை உண்டு. எடை பார்த்து, வேண்டுமானால் இரத்தப் பரிசோதனையும் செய்து, கால்நடை மருத்துவர் அளவு சொல்வார். ஸ்டீராய்டு எடுக்கும் நாய் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஸ்டீராய்டும் இந்த மருந்தும் சேர்ந்தால் வயிறும் குடலும் புண்ணாகலாம். மருந்து கொடுக்கும்போது வாந்தி, கறுத்த மலம், சாப்பாட்டில் விருப்பமின்மை தெரிந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நம் மாத்திரையைத் தின்றுவிட்டது என்றால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று, இது என் வீட்டிலேயே நடந்தது. முழங்காலில் டைக்ளோஃபினாக் களிம்பைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாய் வந்து பாசமாக அதே இடத்தை நக்கத் தொடங்கியது. சட்டென்று காலை இழுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் தடவியதும் கையைக் கழுவிவிட்டு, முழங்காலைத் துணியால் சுற்றிக்கொண்டுதான் அதைப் பக்கத்தில் விடுகிறேன்.